சூடு, நேரம், மரம்

ஒரே நிப், ஒரே பலகை. மெல்லத் தொட்டு இழுத்தால் பொன்பழுப்பில் ஒரு கோடு விழுகிறது. அதே நிப்பை ஓரிடத்தில் இரண்டு நொடி நிறுத்தினால் அடர்பழுப்பில் ஒரு புள்ளி. இன்னும் நிறுத்தினால் கரி. மையும் சாயமும் தூரிகையும் இல்லாமல், காய்ச்சிய உலோக முனையால் மரத்தைச் சுட்டு வரையும் இந்தக் கலை பைரோகிராபி. தமிழில் சூட்டோவியம் எனலாம். இதில் ஓவியருக்குக் கிடைக்கும் நிறங்கள் எல்லாம் மரத்தின் உடம்பிலிருந்தே பிறக்கின்றன.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை வாட், எத்தனை முனைகள், என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: சூடு ஏறும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது? இதற்கு விடை தெரிந்தவர் சாதாரணக் கருவியிலும் படிப்படியாகப் பழுப்பை ஏற்றி இறக்குவார். தெரியாதவருக்கு விலையுயர்ந்த கருவியும் கறுப்புக் கோட்டைத்தான் தரும்.

மரம் ஏன் நிறம் மாறுகிறது

உலர்ந்த மரத்தின் எடையில் 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி அது. நாருக்கு வலு தருவது. அடுத்தது ஹெமிசெல்லுலோஸ். இதுவும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் குட்டையானது, கிளைவிட்டது, ஒழுங்காக அடுக்கப்படாதது. மூன்றாவது லிக்னின். செல் சுவர்களை இறுக்கி மரத்தை விறைப்பாக நிற்கவைப்பது இதுதான். இவை போக, பிசின், எண்ணெய், டானின் போன்றவை மரத்துக்கு மரம் வேறுபட்ட அளவில் இருக்கின்றன.

இவை எல்லாம் ஒரே சூட்டில் சிதைவதில்லை. நிப் பட்டதும் முதலில் மரத்தில் உள்ள ஈரம் ஆவியாகிறது. அது போகும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டத் திணறும். பிறகு 200 டிகிரியை ஒட்டி மெல்லிய நிறமாற்றம் தொடங்குகிறது. ஏறத்தாழ 220 முதல் 315 டிகிரி வரை ஹெமிசெல்லுலோஸ் உடைகிறது. 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் விரைவாகச் சிதைகிறது. லிக்னினோ அவசரப்படுவதில்லை. 160 டிகிரியை ஒட்டியே மாறத் தொடங்கி, 900 டிகிரி வரைகூடச் சிறிது சிறிதாகச் சிதைந்துகொண்டு போகிறது. கடைசியில் மிஞ்சும் கரியில் கணிசமான பங்கு லிக்னின் தந்தது.

புதிதாக இழைத்த மரம், தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் வெளிறித் தெரிகிறது. சூட்டில் சர்க்கரைச் சங்கிலிகள் நீரை இழக்கின்றன. கார்பன் அணுக்கள், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் புதிய அமைப்புகளாகச் சேர்கின்றன. இந்த அமைப்பு சிறியதாக இருக்கும்போது ஊதா, நீல ஒளியை மட்டும் உறிஞ்சும். மீதி ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகவும் இளம்பழுப்பாகவும் வந்து சேரும். அமைப்பு பெரிதாகப் பெரிதாகப் பச்சை ஒளியும் பிறகு சிவப்பு ஒளியும் உள்ளே போய்விடுகின்றன. எல்லா ஒளியையும் உறிஞ்சும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் அதுதான் கரி. ஆகவே சூட்டோவியத்தில் பழுப்பு என்பது, கரியாகும் வழியில் பாதியில் நிறுத்தப்பட்ட மரம். எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பதே ஓவியரின் வேலை.

இந்த வழியில் எவ்வளவு தூரம் போவது என்பதைச் சூடும் நேரமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. பின்லாந்தில் தெர்மோவுட் என்ற பெயரில் பலகைகளைப் பதப்படுத்துகிறார்கள். நீராவி சூழ்ந்த அறையில், 200 டிகிரியை ஒட்டிய சூட்டில், மணிக்கணக்காகப் பலகைகள் கிடக்கின்றன. வெளியே எடுக்கும்போது உள்வரை ஒரே சீரான பழுப்பாகியிருக்கின்றன. சூட்டோவியரின் நிப் அதை ஒத்த பழுப்பை ஒரு நொடியில் எடுத்துவிடுகிறது, அதன் சூடு மிக அதிகம் என்பதால். வேதிவினையின் வேகம் சூட்டோடு சீராகக் கூடுவதில்லை, மடங்குகளாகப் பெருகுகிறது. 250 டிகிரியைத் தாண்டிய நிலையில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினாலே சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். சூடு கூடக் கூட, கை சற்றுத் தயங்குவதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. அதனால் குறைந்த சூட்டில் மெதுவாக, இரண்டு மூன்று முறை தடவி நிறத்தை ஏற்றுவதே தொடக்கநிலையாளரின் கைக்கு அடங்கும் வழி.

சூடு ஏன் பரவுவதில்லை

செம்புத் தகட்டின் ஒரு மூலையைச் சுட்டால் தகடு முழுவதும் சூடாகிவிடும். மரத்தில் அப்படி நடப்பதில்லை. நுண்ணிய செல் குழாய்களுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் மரம் சூட்டை மிக மெதுவாகவே கடத்துகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு கறுத்துக் கிடக்க, அதை ஒட்டிய மரம் வெளிறியே நிற்பது இதனால்தான். மரம் நல்ல கடத்தியாக இருந்திருந்தால் இந்தக் கலை பிறந்தே இருக்காது.

மரத்துக்குள்ளும் எல்லாத் திசையும் ஒன்றல்ல. நார் ஓடும் திசையில் சூடு, குறுக்குத் திசையைவிட ஏறத்தாழ இரு மடங்கு எளிதாகப் போகிறது. மரத்தைக் குறுக்காக அறுத்த வட்டத்துண்டில் வரையும்போது சூடு நார்வழியே உள்ளே இறங்கிவிடுவதால், நீளவாக்கில் அறுத்த பலகையைவிட அது கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்பது வழக்கம்.

சூட்டுக்கோலிலிருந்து நிக்ரோம் வரை

பெரு நாட்டின் வடகடற்கரையில் வாக்கா பிரியேட்டா என்ற மேட்டை அமெரிக்கத் தொல்லியலாளர் ஜூனியஸ் பேர்ட் 1946-ல் அகழத் தொடங்கினார். செதுக்கியும் சுட்டும் உருவங்கள் தீட்டிய சிறு சுரைக்குடுக்கைகள் அங்கே கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் காய்ந்த சுரைக்குடுக்கைமேல் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் வரையும் தும்பா கலை இன்றும் இருக்கிறது. நம்மூரில் புல்லாங்குழல் செய்பவர்கள் பழுத்த கம்பியால் மூங்கிலைச் சுட்டுத்தான் துளையைத் திறக்கிறார்கள். அழுத்திக் குடைந்தால் மூங்கில் நார்வாக்கில் பிளந்துவிடும். சூடு பிளக்காமல் வழிவிடும்.

அடுப்பில் காய்ச்சிய கம்பிக்கு ஒரு குறை உண்டு. எடுத்த நொடியிலிருந்து அது ஆறிக்கொண்டே இருக்கிறது. கோட்டின் தொடக்கம் கறுப்பாகவும் முடிவு வெளிறியும் போகும். கை நகர நகரச் சூடு மாறாமல் இருக்கும் முனை வேண்டும் என்பதே இந்தக் கலையின் நீண்ட காலத் தேடல். அதற்கான முதல் விடை வேதியியலிலிருந்து வந்தது. காற்றும் எரிவாயுவும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தால், சுடர் இல்லாமலே கம்பி தொடர்ந்து தகதகக்கிறது என்று ஹம்ப்ரி டேவி 1817-ல் கண்டறிந்தார். பிளாட்டினத்தின் மேற்பரப்பு வினையூக்கியாக இருந்து வாயுவை எரியவைக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் கிளோடு ஆந்த்ரே பக்கலான் 1870-களில் இதைக் கொண்டு, திசுக்களைச் சுடும் அறுவைக் கருவி ஒன்றை உருவாக்கினார். ரப்பர் குமிழைக் கையால் அழுத்தினால் எரிபொருளின் ஆவி உள்ளீடற்ற பிளாட்டின முனைக்குப் போய், முனையைச் சூடாகவே வைத்திருக்கும். மருத்துவருக்காகப் பிறந்த அந்த முனை சூட்டோவியரின் கைக்கும் வந்தது.

இரண்டாவது விடை மின்சாரம். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமை அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1905-ல் உருவாக்கினார். மின்னோட்டத்தைத் தடுத்துச் சூடாகும் இந்தக் கம்பி, தன்மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்வதால் காற்றில் எளிதில் எரிந்து போவதில்லை. இஸ்திரிப் பெட்டி, மின்அடுப்பு, சூட்டோவியப் பேனா மூன்றுக்கும் இதுவே அடிப்படை.

எந்தக் கருவி

இன்று கடைகளில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. முதலாவது சால்டரிங் அயர்ன் போன்றது. உள்ளே சூடேற்றும் சுருள், முனையில் கனமான பித்தளை அல்லது செம்பு. விலை குறைவு. கனமான முனை சூட்டைச் சேமித்து வைப்பதால் மரத்தில் பட்டதும் உடனே ஆறிவிடாது; ஆனால் சூடாகவும் ஆறவும் பல நிமிடங்கள் ஆகும். இரண்டாவது, மெல்லிய நிக்ரோம் கம்பியே நிப்பாக இருப்பது. தனிப் பெட்டியில் உள்ள திருகியைத் திருப்பினால் சில நொடிகளில் சூடு மாறும். நிழல் தீட்டுவதற்கு இது வசதி. தொடங்குவதற்கு முதல் வகை போதும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. மின்சாதன வேலைக்குப் பயன்பட்ட பழைய சால்டரிங் அயர்னை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் முனையில் ஈயம் ஒட்டியிருக்கும்.

சூட்டை அளக்க உங்கள் கண்ணே ஓர் எளிய கருவி. எந்தத் திடப்பொருளும் ஏறத்தாழ 525 டிகிரியை எட்டும்போதுதான் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும். ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-ல் இதைக் கண்டறிந்தார். மங்கிய வெளிச்சத்தில் உங்கள் நிப் சிவந்து தெரிந்தால், மரத்துக்குத் தேவையான சூட்டைவிட மிக மேலே இருக்கிறீர்கள். திருகியைக் குறையுங்கள்.

எந்த மரம்

மேற்கத்தியக் கையேடுகள் பாஸ்வுட், பிர்ச் என்று சொல்லும். அவை நம் மரவாடிகளில் எளிதில் கிடைப்பவை அல்ல. பெயரைவிடப் பண்பைத் தேடுவது நல்லது. வெளிறிய நிறம், நெருக்கமான இழை, சீரான அடர்த்தி, குறைந்த பிசின், நல்ல உலர்ச்சி என்ற ஐந்தும் வேண்டும். சென்னபட்டணா பொம்மைகள் செய்யப்படும் வெட்பாலை இதற்குப் பொருந்துகிறது. ஏழிலைப்பாலையும், கன்னியாகுமரி மாவட்டத்தில் விளையும் ரப்பர் மரமும் வெளிறியவை. ரப்பர் மரத்தைப் பெரும்பாலும் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றி விற்பதால், மருந்தில்லாத துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். மாமரமும் உதவும்.

தேக்கு அழகான மரம். ஆனால் அதன் நிறம் ஏற்கெனவே பழுப்பு. இளம்பழுப்பு நிழல்கள் அதில் தெரியாமல் போகும். எண்ணெய்ப் பசையும் வளையம் வளையமாகப் பெரிய துளைகளும் உண்டு. பெட்டிகள் செய்யும் பைன் மரம் மலிவு, பழகவும் கிடைக்கும். அதில் மென்மையான பட்டையும் கெட்டியான பட்டையும் அடுத்தடுத்து வரும். மென்பட்டையில் சூடேற்ற வேண்டிய பொருள் குறைவு என்பதால் அது உடனே கருகும். கெட்டிப் பட்டையில் நிப் தடுக்கி ஏறும். ஒரே வேகத்தில் இழுத்த கோடு விட்டு விட்டுக் கறுத்திருந்தால் குற்றம் கையில் இல்லை, மரத்தில் இருக்கிறது. முதல் மரமாகச் சீரான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2,200 ஜூலுக்கு மேல் ஆற்றல் செலவாகிறது. பச்சை மரத்தில் நிப்பின் சூடெல்லாம் நீரைக் கொதிக்கவைக்கவே போய்விடும். பலகையை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, காய்ந்ததும் எழும்பி நிற்கும் நார்களை மறுபடி தேய்த்துவிட்டால் நிப் தடங்கலின்றி ஓடும். பென்சிலால் மென்மையாக வரைந்துகொள்ளுங்கள். பென்சிலின் கிராபைட் இந்தச் சூட்டில் எரிந்து மறையாது. வேலை முடிந்ததும் அழிப்பானால்தான் எடுக்க வேண்டும்.

முதல் கோடுகள்

தொடக்கநிலையாளர் எல்லோரையும் வருத்தும் குறை, கோட்டின் தலையில் விழும் கறும்புள்ளி. காற்றில் சும்மா நிற்கும் நிப் மிகக் குறைவாகவே சூட்டை இழக்கிறது. அதனால் அப்போதுதான் அது உச்சச் சூட்டில் இருக்கிறது. மரத்தைத் தொட்ட முதல் நொடியில் அவ்வளவு சூடும் ஒரே இடத்தில் இறங்குகிறது. தீர்வு இரண்டு. வரைவதற்கு முன் நிப்பை ஒரு வீண் துண்டில் ஒருமுறை தொட்டு எடுங்கள். அடுத்து, கோலம் போடும் கை நகரத் தொடங்கிய பிறகே மாவை விடுவதுபோல, கை நகரும்போதே நிப் மரத்தில் இறங்கட்டும், நகரும்போதே எழட்டும்.

அழுத்தம் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் கோடு கறுப்பதற்குப் பதில் பள்ளமாகிறது, நிப் வளைகிறது. நிறத்தைக் கூட்ட வேகத்தைக் குறையுங்கள், அல்லது அதே இடத்தில் மறுபடி தடவுங்கள். கோட்டின் இருபுறமும் பழுப்பு நிழல் படிந்தால் சூடு அதிகம் என்று பொருள். கோடு மங்கிக்கொண்டே போனால் நிப்பில் கரி படிந்திருக்கும். அந்தக் கரிப் படலம் சூட்டை மரத்துக்குப் போகவிடாமல் தடுக்கும். கருவியை அணைத்து ஆறவைத்துவிட்டு, மெல்லச் சுரண்டி எடுங்கள்.

புகையோடு விளையாட வேண்டாம்

சுட்ட மரத்தின் மணம் பலருக்குப் பிடிக்கும். லிக்னின் உடைந்து வரும் குவாயகால், சிரிங்கால் ஆகிய சேர்மங்கள் அந்த மணத்தின் பெரும்பகுதி. அதே புகையில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், கார்பன் மோனாக்சைடு ஆகியவையும், நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களும் இருக்கின்றன. திறந்த சன்னலருகே உட்காருங்கள். சிறு விசிறி ஒன்று புகையை உங்கள் முகத்திலிருந்து அப்பால் இழுக்கும்படி இருக்கட்டும். காற்று நிப்பின்மேல் நேராக அடித்தால் நிப் ஆறிவிடும். என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. ஆகவே அது காற்றோட்டத்துக்கு ஈடாகாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் புகையிலிருந்து விலகியிருப்பதே நல்லது.

சுடக்கூடாதவற்றையும் மனத்தில் வையுங்கள். எம்டிஎஃப் பலகை முழுக்கப் பிசின் கலந்தது. ஒட்டுப்பலகையின் மேல்தோல் மெல்லியது, நிப் சற்று ஆழ்ந்தாலும் பசையைத் தொட்டுவிடும். பெயின்ட், வார்னிஷ் பூசிய பழைய மரத்தில் ஈயம் இருக்கலாம். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய கம்பங்களைத் தொடவே வேண்டாம். சரக்குப் பெட்டி மரத்தில் எச்.டி. என்ற முத்திரை இருந்தால் சூட்டால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, அதை விட்டுவிடுங்கள். அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தின் பால், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையையே பறிக்கக்கூடியது. கையில் சூடு பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையோ மாவோ பூசாதீர்கள். கருவியை எப்போதும் உலோகத் தாங்கியில் வையுங்கள். எழுந்து போகும்போது மின்இணைப்பை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பலகையில் மின்னல் கிளைகள் போன்ற வடிவங்கள் தானாகப் படரும் காணொளிகள் இதே கலையின் பெயரில் உலவுகின்றன. அவை மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியிலிருந்து எடுத்த ஏறத்தாழ 2,000 வோல்ட்டை மரத்தில் பாய்ச்சிச் செய்யப்படுபவை. பல உயிர்களைப் பறித்த முறை இது. அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் 2017-ல் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடைசெய்தது. சூட்டோவியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒருபோதும் முயலாதீர்கள்.

படம் நிலைக்க

கரி மிக நிலையான பொருள். மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் கிடக்கும். தொல்லியலாளர்கள் காலத்தைக் கணிக்கக் கரித்துண்டுகளைத் தேடி எடுப்பது அதனால்தான். பாதிவழியில் நிறுத்தப்பட்ட இளம்பழுப்புக்கு அந்த உறுதி இல்லை. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் லிக்னினை உடைப்பதால், சுடாத மரம் மஞ்சளித்துக் கருமையடைகிறது. சுட்ட இளம்பழுப்போ மங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, நுட்பமான நிழல்கள் முதலில் தொலைகின்றன. படத்தை நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். புறஊதாவைத் தடுக்கும் பூச்சு கிடைத்தால் மெல்லிதாகப் பூசுங்கள். பூச்சு எதுவானாலும் வரைந்து முடித்த பிறகே. பூசிய மரத்தை மறுபடி சுடக்கூடாது.

முதல் வேலையாகப் படம் எதையும் வரைய வேண்டாம். பலகைத் துண்டு ஒன்றில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், கடைசிக் கட்டத்தைக் கரியாக்குங்கள். நடுவில் உள்ள மூன்றையும் இளம்பழுப்பு, பழுப்பு, அடர்பழுப்பு என்று படியாக நிரப்புங்கள். ஒவ்வொன்றின் கீழும் திருகியின் எண்ணையும் எத்தனை முறை தடவினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த துண்டில் அதே நிறங்கள் மறுபடி வருகின்றனவா என்று பாருங்கள். மரம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு முகத்தின் நெற்றிமேடும் கன்னக்குழியும், ஓர் இலையின் முன்புறமும் பின்புறமும் இந்த ஐந்து படிகளின் சேர்க்கையால் ஆனவைதான். வேண்டும்போது வேண்டிய படியில் நிறுத்தக் கை பழகிவிட்டால், எதை வரைவது என்பது உங்கள் விருப்பம்.